பருத்த மரம் என்பதற்காக மூன்று துளையா?

உலகில் விற்பனையாகும் மேப்பிள் சிரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் முதலிடத்தில் இருக்கிறது. நியூயார்க், மெயின் மாநிலங்கள் அடுத்து வருகின்றன. குளிர்காலம் விடைபெறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான சில வாரங்களில், சர்க்கரை மேப்பிள் மரங்களின் அடிமரத்தில் துளையிட்டு, வடியும் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குகிறார்கள். சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான் என்பதால், ஒரு லிட்டர் சிரப்புக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். எனவே ஒரு மரத்தில் எத்தனை துளை போடலாம் என்பது அந்தத் தொழிலின் அடிப்படைக் கேள்வி. நெடுங்காலமாக இதற்குக் கிடைத்துவந்த விடை மரத்தின் பருமனை ஒட்டியது: விட்டம் 25 சென்டிமீட்டர் என்றால் ஒரு துளை, 45-ஐத் தாண்டினால் இரண்டு, 60-ஐத் தாண்டினால் மூன்று. சில பழைய கையேடுகள் நான்கு வரைகூட அனுமதித்தன. இளம் மரங்களுக்கு இந்த விதி பெரிய கெடுதல் செய்வதில்லை. தலைமுறை தலைமுறையாகத் துளையிடப்பட்டுவந்த முதிய பெருமரங்களுக்கு இது தவறான விதி. அவற்றுக்கு எத்தனை துளை என்பதை அடிமரத்தின் சுற்றளவு தீர்மானிக்கக் கூடாது. மரம் ஆண்டுதோறும் எவ்வளவு புதுக்கட்டை சேர்க்கிறது, அதன் உடம்பில் ஏற்கெனவே எத்தனை காயம் புதைந்திருக்கிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பெரும்பாலான முதிய மரங்களுக்கு ஒரு துளையே போதும். சிலவற்றுக்கு அதுவும் அதிகம்.

சாறு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மேப்பிள் சாறு பட்டையில் ஊறுவதல்ல. பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளிறிய, உயிருள்ள வெள்ளைக்கட்டையின் நுண்குழாய்களில் ஓடுவது. பெரும்பாலான மரங்களில் இந்தக் குழாய்களைச் சூழ்ந்த நார் அணுக்களில் நீர் நிறைந்திருக்கும்; மேப்பிளில் அவற்றில் காற்று இருக்கிறது. இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும்போது அந்த அணுக்களில் பனிப்படிகம் சேர்ந்து, உள்ளிருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அதே நேரம் வேரிலிருந்து நீர் மேலே இழுக்கப்படுகிறது. பகலில் பனி உருகும்போது நெருக்கப்பட்ட காற்று விரிந்து, சாற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு வழிவிடுவதே துளை. முந்தைய கோடையில் இலைகள் தயாரித்து மாவுச்சத்தாகச் சேமித்து வைத்ததுதான் இப்போது சர்க்கரையாகி வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: நுண்குழாய்கள் திறந்து, நீர் கடத்தும் நிலையில் இருக்கும் கட்டையிலிருந்துதான் சாறு வரும். அடைபட்ட கட்டையில் எத்தனை துளை போட்டாலும் பயனில்லை. ஆக, ஒரு மரம் எவ்வளவு பருமன் என்பதைவிட, அதன் வெளிப்புறத்து நான்கைந்து சென்டிமீட்டர் கட்டையில் எவ்வளவு பகுதி திறந்திருக்கிறது என்பதே விளைச்சலை முடிவு செய்கிறது.

அந்தத் திறந்த கட்டையைத் துளை என்ன செய்கிறது? பனையில் நாம் பாளையைச் சீவுகிறோம். அடுத்த பருவத்தில் மரம் புதிய பாளை விடும். கன்னியாகுமரியின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும்போது சேதமாவது பட்டை. சில ஆண்டுகளில் பட்டை மீண்டும் வளரும், அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். மேப்பிளில் துளைக்கப்படுவது கட்டை. கட்டைக்கு மறுபிறப்பு இல்லை. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1970களில் இதைத் தெளிவாக்கினார். விலங்குகளைப் போல மரங்கள் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, நோய் பரவாமல் தனிமைப்படுத்துகின்றன என்பது அவர் காட்டிய உண்மை. மேப்பிளில் ஒரு துளை போட்டால், அதற்கு மேலும் கீழுமாகக் கட்டை பழுப்பு நிறத்தில் ஒரு நீண்ட வரிப்பட்டையாக மாறுகிறது. பக்கவாட்டில் அது துளையைவிடச் சற்றே அகலம். நெடுக்காகவோ பல மடங்கு நீளம். அந்த வரிப்பட்டைக்குள் நுண்குழாய்கள் நிரந்தரமாக அடைபட்டுவிடுகின்றன. வெளியே இரண்டு மூன்று ஆண்டுகளில் புதுப்பட்டை வந்து துளையின் வாயை மூடிவிடும். பார்ப்பவருக்குக் காயம் ஆறியதாகத் தோன்றும். உள்ளே அது அப்படியே இருக்கும். மரம் செய்யக்கூடியது ஒன்றே: ஆண்டு வளையம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, பழைய காயத்தை ஆழத்துக்குள் தள்ளிப் புதைப்பது.

இனி ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 188 சென்டிமீட்டர். ஒவ்வொரு துளையும் தன் பழுப்புப் பட்டையோடும் சிறிது பாதுகாப்பு இடைவெளியோடும் 3 சென்டிமீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்கிறது என்றும், ஆள் நின்று துளையிடக்கூடிய உயரம் முழுவதும் அந்தப் பட்டை ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் மரத்தைச் சுற்றி 62 இடங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு துளை என்றால் 62 ஆண்டுகளுக்குப் பிறகுதான் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு என்றால் 31 ஆண்டுகள். மூன்று என்றால் ஏறக்குறைய 20 ஆண்டுகள். துளையின் ஆழம் 4 சென்டிமீட்டர். மரம் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் தடிமனில் வளையம் சேர்த்தால் பழைய காயம் முழுதாகப் புதைய 20 ஆண்டுகள் ஆகும். 1 மில்லிமீட்டர்தான் சேர்க்கிறது என்றால் 40 ஆண்டுகள். நன்றாக வளரும் பெருமரத்தில் மூன்று துளை என்பது மயிரிழையில் தப்பிக்கும் கணக்கு. மெதுவாக வளரும் பெருமரத்தில் இரண்டு துளைகூட அதிகம். அதே நேரம், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள, ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் வளரும் இளைய மரத்தில் ஒரு துளை போட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப 31 ஆண்டுகள் இருக்கின்றன. காயம் புதையவோ 13 ஆண்டுகள் போதும். சிறிய மரத்தின் கணக்கில் மிச்சம் விழுகிறது. பெரிய மரத்தின் கணக்கில் துண்டு விழுகிறது. இதற்குக் காரணம் எளிது. ஒரே அளவு புதுக்கட்டையை அதிகச் சுற்றளவில் பரப்பும்போது வளையம் மெலிகிறது. பருமனை மட்டும் அளக்கும் விதி, சுற்றளவு கூடுவதைக் கணக்கில் எடுக்கிறது. வளையம் மெலிவதைக் காணாமல் விட்டுவிடுகிறது.

இந்தக் கணக்கு புதிய மரத்திலிருந்து தொடங்குகிறது. முன்பே துளையிடப்பட்ட மரங்களின் நிலை இதைவிட மோசம். இன்று பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் துளைதான் போடுகிறார்கள். வாளி கட்டிச் சாறு பிடித்த காலத்தில் 11 மில்லிமீட்டர் துளை வழக்கம், ஆழமும் 6, 7 சென்டிமீட்டர் வரை போனது. பெரிய துளை என்றால் பெரிய பழுப்புப் பட்டை; ஆழமான துளை என்றால் புதைய இன்னும் நீண்ட காலம். அதைவிடக் கேடானது பாராஃபார்மால்டிஹைடு மாத்திரை. 1960கள் முதல் பல தோப்புகளில் துளைக்குள் இதை வைத்தார்கள். நுண்ணுயிரிகளைக் கொன்று, துளை வறண்டுபோகாமல் தடுத்து, சாறு நீண்ட நாள் வடிய உதவியது உண்மை. ஆனால் மரம் சுவர் எழுப்புவதையும் அது முடக்கியது. அழுகல் ஏற்படுத்தும் பூஞ்சைகள் கட்டைக்குள் வேகமாகப் பரவியது ஆய்வுகளில் தெரியவந்தது. வெர்மான்ட் 1980களில் இந்த மாத்திரையைத் தடை செய்தது, பிறகு மற்ற இடங்களிலும் அது கைவிடப்பட்டது. மாத்திரை போனாலும் அது விட்டுச்சென்ற சேதம் அந்த மரங்களுக்குள்ளேயே இருக்கிறது. கூடுதல் விளைச்சலைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு உள்ளே நடந்த அழிவு பல ஆண்டுகள் தெரியவில்லை என்பதே இதன் பாடம். இன்று ஒரு பெருமரத்தின் முன் துளைக்கருவியோடு நிற்பவருக்கு, அதன் உடம்பில் எந்தக் காலத்துக் காயங்கள் எங்கே இருக்கின்றன என்பது வெளியிலிருந்து தெரியாது.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு வலுவானதாகத் தோன்றும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் துளையிடப்பட்ட மேப்பிள்கள் இன்றும் பண்ணை வீட்டு வாசல்களிலும் சாலையோரங்களிலும் நிற்கின்றன. மூன்று, நான்கு வாளிகள் தொங்கிய மரங்கள் அவை. துளை கேடு என்றால் அவை எப்படி உயிரோடு இருக்கின்றன என்று கேட்கிறார்கள். ஐரோப்பியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அனிஷினாபே, ஹாடனோசோனி போன்ற பூர்வகுடிகள் மேப்பிள் பட்டையைக் கீறிச் சாறெடுத்துச் சர்க்கரை காய்ச்சியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அளவோடு சாறெடுத்தால் மேப்பிள் நெடுங்காலம் வாழும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சாறெடுப்பதே கூடாது என்பது என் வாதமும் அல்ல. ஆனால் நிற்கிற மரங்களை மட்டும் எண்ணிப் பார்த்து முடிவுக்கு வருவது பிழையான வழி. உள்ளழுகிக் காற்றில் சாய்ந்தவை, விறகாகிப் போனவை இந்தக் கணக்கில் வருவதில்லை. வாசலில் தப்பி நிற்கும் மரம், பரந்த வெயிலில் பெரிய தலையோடு வளர்ந்து, தடித்த வளையம் சேர்த்த மரமாக இருக்கும். நெருக்கமான காட்டில் வளர்ந்த, அதே பருமனுள்ள மரத்துக்கு அந்த வசதி இல்லை. மேலும் உயிரோடு இருப்பதும் நன்றாகச் சாறு தருவதும் ஒன்றல்ல. அடிமரத்தில் பாதிக் கட்டை அடைபட்ட மரம் ஆண்டுதோறும் தளிர்த்துக்கொண்டே இருக்கும். துளைக்கருவிக்கு மட்டும் பழுப்புச் சீவலைத் தரும்.

இரண்டாவது எதிர்ப்பு, பெரிய மரத்தின் பெரிய தலையைப் பற்றியது. விரிந்த கிளைகளும் மிகுந்த இலைகளும் உள்ள மரம் அதிகச் சர்க்கரை சேமிக்கிறது. அதன் சாறு இனிப்பும் கூடுதலானது. ஆகவே அதிலிருந்து கூடுதலாக எடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். இதில் பாதி சரி. சர்க்கரைச் சேமிப்பை மட்டும் பார்த்தால், ஆரோக்கியமான பெருமரத்துக்குக் கூடுதல் துளை ஒரு சுமையல்ல. ஆனால் பெருமரத்துக்கு முதலில் தட்டுப்படுவது சர்க்கரையல்ல, திறந்த கட்டை. பணம் நிறைய உள்ள வங்கியில் பெட்டகத்தின் கதவு அடைபட்டிருப்பதைப் போன்ற நிலை இது. இரண்டாம் துளை முதல் துளை அளவுக்கே தரும் என்ற எண்ணமும் பிழை. இரண்டும் ஒரே அடிமரத்திலிருந்து இழுப்பதால், கூட்டிய ஒவ்வொரு துளைக்கும் வரவு குறைந்துகொண்டே போகும், காயம் மட்டும் முழு அளவில் விழும். வெற்றிடப் பம்பு வைத்த தோப்புகளில் இது இன்னும் பொருந்தும். குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைத்து இழுக்கும்போது ஒரே துளை, வாளிக்காலத் துளையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சாறு தருகிறது. வாளி காலத்தில் மூன்று துளை போட்டவருக்கு ஒரு காரணம் இருந்தது. பம்பு வைத்திருப்பவருக்கு அந்தக் காரணம் இல்லை. தலை சரியில்லாத மரங்களுக்கோ சர்க்கரை வாதமே எடுபடாது. 1998 ஜனவரியில் கியூபெக், ஒன்டாரியோ, நியூயார்க், வெர்மான்ட், மெயின் பகுதிகளைத் தாக்கிய பனிக்கட்டிப் புயலில் எத்தனையோ முதிய மேப்பிள்கள் கிளைகளை இழந்தன. அடிமரம் மட்டும் பருமனாகவே நின்றது. பருமன் விதி அவற்றுக்கும் மூன்று துளையையே பரிந்துரைக்கும்.

துளை சிறிதாகிவிட்டதே, இனி என்ன கவலை என்பது மூன்றாவது வாதம். 11 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டருக்கு வந்தது நல்ல முன்னேற்றம். காயம் சிறிது, வாய் விரைவில் மூடுகிறது. ஆனால் காயம் சிறிதானதன் பலனை மரத்துக்கு விட்டுக்கொடுக்காமல், துளையின் எண்ணிக்கையைக் கூட்டி நாமே எடுத்துக்கொண்டால், மரத்துக்கு மிஞ்சியது என்ன? இதே நோக்கில் இன்னொரு யோசனையும் சொல்லப்படுகிறது: துளையிலிருந்து முதன்மைக் குழாய்வரை இறங்கும் சிறுகுழாயை நீளமாக வைத்தால், மரத்தில் இன்னும் உயரத்திலும் இன்னும் தாழ்விலும் துளையிடலாம், பயன்படும் பரப்பு கூடும். இது உண்மையிலேயே நல்ல யோசனை. சிறுகுழாயை 75 முதல் 90 சென்டிமீட்டர்வரை நீட்டி, ஆண்டுதோறும் துளையின் இடத்தைப் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக முறையாக நகர்த்துவது இன்று தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் வழிதான். ஆனால் அது கட்டையைக் கூட்டுவதில்லை. இருக்கும் கட்டையைச் சீராகப் பகிர்ந்து பயன்படுத்த வைக்கிறது. முதிய மரத்தில் முந்தைய தலைமுறைகள் ஆள் எட்டும் வழக்கமான உயரத்தில்தான் வாளி தொங்கவிட்டார்கள். நீட்டிய பரப்பு, அந்த அடைபட்ட பகுதியிலிருந்து தப்ப ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பை ஒரே ஆண்டில் மூன்று துளைக்குச் செலவிட்டால், அது விரைவிலேயே தீர்ந்துபோகும்.

நான்காவது எதிர்ப்பு வயிற்றுப்பாட்டைச் சேர்ந்தது. அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பெரிய நிறுவனங்களுக்குப் பல்லாயிரம் மரங்கள் இருக்கலாம். வீட்டைச் சுற்றி முப்பது முதிய மரங்கள் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு, மூன்று துளையை ஒன்றாக்கு என்பது வருமானத்தில் மூன்றில் இரண்டைக் குறைத்துக்கொள் என்பதுபோல் ஒலிக்கும். சந்தைத் தேவையும் தூண்டுகிறது, விளைச்சல் குறைந்த 2021-ல் கியூபெக் உற்பத்தியாளர் கூட்டமைப்பு தன் சேமிப்புக் கிடங்கிலிருந்து ஏறத்தாழ 5 கோடி பவுண்டு சிரப்பைச் சந்தைக்கு விட வேண்டியிருந்தது. தேவை இருக்கும்போது கையைக் கட்டிக்கொள் என்று சொல்வது யாருக்கும் பிடிக்காது. ஆனால் இழப்பு மூன்றில் இரண்டு அல்ல. முன்பே சொன்னபடி கூடுதல் துளைகளின் வரவு குறைவு. முதிய மரத்தில் குருட்டுத்தனமாகப் போடும் துளைகளில் ஒரு பகுதி பழுப்புக் கட்டையில் விழுந்து ஏறக்குறைய வீணாகும். வீணான துளைக்கும் குழாய், இணைப்பு, கூலி, பம்பில் காற்றுக்கசிவு எல்லாம் செலவுதான். குறைந்த மரங்கள் உள்ளவருக்குத்தான் ஒவ்வொரு மரமும் முக்கியம். பெருந்தோப்பில் பத்து மரம் போனால் தெரியாது, முப்பதில் பத்து போனால் தொழிலே போய்விடும். துளை எண்ணிக்கையைக் குறைத்து, சுத்தமான புதிய குழாய்முனையையும் வெற்றிடத்தையும் சேர்த்தால், இழந்ததில் பெரும்பகுதியை மீட்க முடியும். துளை சீக்கிரம் வறண்டுபோவதற்கு நுண்ணுயிரிகளே முக்கியக் காரணம் என்பதையும், முனையைச் சுத்தமாக வைத்தாலே விளைச்சல் கூடும் என்பதையும் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆய்வு மையம் காட்டியிருக்கிறது. கூடுதல் சாற்றுக்குக் கூடுதல் காயம் ஒன்றே வழி என்பது இனி செல்லாத வாதம்.

கிழட்டு மரம் எப்படியும் சாகத்தான் போகிறது, சாகும்வரை எடுத்துக்கொள்வோமே என்று சிலர் கடைசியாகச் சொல்வார்கள். தோப்பைச் சீர்செய்ய விரைவில் வெட்டப்போகும் மரத்தில் அப்படிச் செய்வதில் தவறில்லை. அது முடிவெடுத்துச் செய்யும் செயல். முடிவெடுக்காமல், பழக்கத்தால் மட்டும் ஒவ்வொரு முதிய மரத்தையும் அந்த வரிசையில் சேர்ப்பதுதான் தவறு. சர்க்கரை மேப்பிள் முந்நூறு ஆண்டுகள்கூட வாழக்கூடியது. நூற்றைம்பது வயது மரம் கிழமாவதற்குக் காரணம் வயதா, நம் துளைகளா என்று பிரித்தறியாமல் அதைச் சாவுக்கு ஒப்படைக்கக் கூடாது.

எனவே பருமன் விதியின் இடத்தில் வேறொரு விதி வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு அளவு நாடா போதும். மார்பு உயரத்தில் மரத்தில் ஒரு குறியிட்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சுற்றளவை அளக்க வேண்டும். ஐந்து ஆண்டில் 6 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் வளையம் சுமார் 2 மில்லிமீட்டர் என்று பொருள். பெருமரமாக இருந்தால் இரண்டு துளை தாங்கும். 3 முதல் 6 சென்டிமீட்டர் என்றால் ஒன்று. 3-க்கும் குறைவு என்றால் அந்த மரத்துக்குச் சில ஆண்டுகள் ஓய்வு. நெடுங்காலம் துளையிடப்பட்ட வரலாறு உள்ள மரமானால் இந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு படி குறைக்க வேண்டும். துளையிடும்போது வரும் சீவலும் சாட்சி சொல்லும்: வெளிறிய, ஈரமான சீவல் வந்தால் நல்ல கட்டை, பழுப்பாக வந்தால் அது பழைய காயம். பழுப்பு அடிக்கடி வரும் மரத்தைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு அங்கே துளையைக் குறைக்க வேண்டும். பூச்சிகள் இலையைத் தின்றுபோன ஆண்டுக்கும் கடும் வறட்சிக்கும் அடுத்த பருவத்தில் எல்லா மரங்களுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். அண்மைக் காலத்து எச்சரிக்கையான கையேடுகள் எவ்வளவு பெரிய மரமானாலும் இரண்டுக்கு மேல் போகாதே என்கின்றன. அது சரியான திசையில் ஒரு படி, ஆனால் பருமனையே இன்னும் அளவுகோலாக வைத்திருக்கிறது. உற்பத்தியாளர் சங்கங்களும் இயற்கை விளைபொருள் சான்றிதழ் தருவோரும் வளர்ச்சியையும் காய வரலாற்றையும் அளவுகோலில் சேர்க்க வேண்டும். மரத்தின் ஆண்டு வளர்ச்சியைத் தாண்டிப் போடப்படும் ஒவ்வொரு துளையும் அடுத்த தலைமுறை உற்பத்தியாளரிடமிருந்து அவரைக் கேட்காமல் வாங்கும் கடன். அந்தக் கடனை எடுப்பவர் குறைந்தது அதன் அளவையாவது தெரிந்து எடுக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஆகும் செலவு ஒரு நாடாவின் விலைதான்.